பட்டாணி இறங்கின நேரம்

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி இந்தத் திட்டு மேல உக்காருங்க. புறா எச்சம் காஞ்சுதான் கெடக்கு, பேன்ட்ல ஒட்டாது.

காட்பாடியா? காட்பாடியில புறா கிளப்பா? இருக்கட்டும், இருக்கட்டும். இப்ப ஊருக்கு ஊரு ஆரம்பிக்கிறாங்க. நாலு ஜோடி புறா, ஒரு வாட்ஸப் குரூப்பு, கிளப்பு ரெடி. தப்பா சொல்லல. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. நாங்க ஆரம்பிக்கும்போது வாட்ஸப்பு இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

ரேணுகாகிட்ட டைம் குறிக்கிற பொட்டி வாங்கப் போறீங்க. அதுக்கு முன்னாடி அயனாவரம் போயி எத்திராஜு அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கோன்னு யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. நல்ல காரியம் பண்ணாங்க. அவ என் மருமவதான். ஒரே புள்ள லோகேசு, அவனோட பொண்டாட்டி. அதனால கூட்டியும் சொல்லமாட்டேன், கொறச்சும் சொல்லமாட்டேன். நடந்தத நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. என்ன முடிவு பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்தவன். கடைசியில சார்ஜ்மேனா ரிட்டயர் ஆனேன். எங்க ஷாப்புல சுவத்துல பெரிய பலகை ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு ஸ்பேனரோட உருவத்தயும் அதுல வெள்ளை பெயின்ட்டால வரைஞ்சு, அது மேலயே ஆணி அடிச்சு மாட்டியிருக்கும். எந்த ஸ்பேனர எந்த ஆணியில எடுத்தியோ அந்த ஆணியிலதான் திருப்பி மாட்டணும். மாத்தி மாட்டினவன் என்கிட்ட வாங்கிக் கட்டிக்குவான். ஏன் சொல்றேன்னா, அந்த ஒழுங்கு எனக்கு ரத்தத்துல ஊறினது. அத வெச்சுதான் இருபது வருஷம் கிளப்புக்குச் செயலாளரா இருந்தேன். என்ன மாதிரி ஒரு செயலாளர் இனிமே அவங்களுக்கு வரப்போறதில்ல. அது அவங்களுக்கும் தெரியும், வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க.

உங்களுக்குப் பந்தயம் புதுசு, அதனால சொல்றேன். ஹோமர் புறாவ கூடையில போட்டு லாரியில ஏத்தி, வெளியூர் கொண்டுபோயி காலையில தொறந்து விடறோம். அது அது அதுங்க வீட்டு மாடிக்கு வருது. கூண்டுல கால வெச்ச நேரத்தக் குறிக்கணும். தூரத்த நேரத்தால வகுத்தா வேகம், யாருது வேகமோ அவன் ஜெயிச்சான். புறா பறக்கறது பாதி பந்தயம்தான். நேரத்தக் குறிக்கறது மீதிப் பாதி. ஏன்னா புறா பொய் சொல்லாது. மனுஷன் சொல்லுவான்.

எங்க கிளப்புல தயாளன்னு ஒருத்தரு. வியாசர்பாடி. சாவி குடுக்குற கடியாரம் இருந்த காலத்துல, அந்தக் கடியாரத்தயே கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சு அப்புறம் ஓட விட்டாரு. நான் பாத்த உடனே கண்டுபுடிச்சிட்டேன். ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க. மூஞ்சியப் பாத்தா தெரியாதா, அதுக்கு வேற ஆதாரமா? அப்புறம் செல்போன் வந்துச்சு, புறா வந்தா போட்டோ எடுத்து அனுப்புன்னாங்க. அதுலயும் நேரத்த மாத்தி வெச்சு எடுத்தாரு. அதுக்கும் ஆதாரம் இல்லன்னாங்க. சரிடா அப்பான்னு ஒரு ரூல் போட்டேன். இனிமே போட்டோ செல்லாது, பக்கத்து வீட்டு சாட்சி செல்லாது. மெஷின் சொல்றதுதான் செல்லும். மெஷினக் கழட்டி எடுத்துக்கினு கிளப்புக்கு வரணும், மேச மேல வெச்சு எல்லார் முன்னாடியும் படிக்கணும். அந்த ரூல எழுதினவன் நான்தான். எல்லாரும் கை தட்டினாங்க. தயாளனும் தட்டினாரு, அவரு தட்டின லட்சணத்தப் பாக்கணும் நீங்க.

இப்ப மெஷின் வேணுமில்ல? வெளிநாட்டுப் பொட்டி விக்கிற விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோ வாங்கலாம். அப்பதான் ரேணுகா வரா. மாமா, நான் பண்ணித் தரேன்னு.

அவ படிச்சது பி.காம் தம்பி. எக்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கு எழுதறா. கரண்டுக்கும் பி.காமுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க? ஆனா கரண்டு சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவா, பிஸ்கெட்டு சைஸ்ல ஒரு போர்டு வாங்கிக்கினு வருவா, ராவும் பகலும் அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கினு இருப்பா. யூட்டியூப் பாத்துக் கத்துக்கிட்டாளாம். தண்ணி டேங்கு ரொம்பினா கீழ ஒண்ணு கீச்சு கீச்சுன்னு கத்தும், அது இவ பண்ணதுதான். டேங்கு ரொம்பினா தண்ணி கீழ ஊத்தும், அந்தச் சத்தம் கேக்காதா? அதுக்கு ஒரு மெஷின். சமையல் ரூமுல தாளிப்பு வாசனை வரவேண்டிய நேரத்துல வயர் ஒட்டற ஈயம் உருகற வாசனை வரும். என் வீட்டுக்காரி ஒரு வார்த்த கேக்கமாட்டா. ரெண்டு பேரும் சேந்துக்கினு அந்தப் பொட்டிக்கு மூடி வெக்கிறதுக்கு டப்பா தேடிக்கினு இருப்பாங்க.

சரி, பண்ணுன்னேன். பண்ணா. நல்லாதான் பண்ணா, அதை ஏன் இல்லன்னு சொல்லணும். புறா கால்ல ஒரு சிப்பு வளையம். கூண்டு வாசல்ல ஒரு பலகை. புறா அதுல கால வெச்சா பொட்டிக்குத் தெரிஞ்சுபோவும், இந்தப் புறா இன்ன நேரத்துக்கு வந்துச்சுன்னு. கறுப்புத் திரையில வெள்ள எழுத்துல காட்டும். கூடவே உள்ள எழுதியும் வெச்சிக்கும்.

அந்த எழுதி வெக்கிறதுலதான் வம்பு. அவ என்ன உக்கார வெச்சு பாடம் எடுத்தா. எனக்கு. மாமா, இதுக்குள்ள ரெண்டு நெனப்பு இருக்கு, ஒண்ணு கரண்டு இருக்கிற வரைக்கும்தான், கரண்டு போனா எல்லாம் மறந்துபோவும். இன்னொண்ணு ஃபிளாஷ் மெமரி, அதுல எழுதிட்டா கரண்டு போனாலும் அழியாது. புறா வந்த உடனே அதுல எழுதிடுவேன், நீங்க கழட்டிக்கினு கிளப்புக்குப் போகலாம்னா. சரி, இது புரியாதா எனக்கு? சிலேட்டுக்கும் கல்வெட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

நான் கேட்டேன், நடுவுல ஒருத்தன் பொட்டிய நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் ஓட விட்டா எப்படிக் கண்டுபுடிப்பேன்னு. அவ முழிச்சா. யாரு மாமா அப்படிப் பண்ணுவாங்கன்னா. அவளுக்கு எங்க தெரியும் தயாளனப் பத்தி? நான் சொன்னேன், நிமிஷத்துக்கு ஒரு தடவ அப்போதைய நேரத்த அது எழுதி வெக்கணும். ராவு பகலு எப்பவும். ஒரு நிமிஷம் விட்டுப்போச்சுன்னா பொட்டிய எவனோ நோண்டியிருக்கான்னு அர்த்தம். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்க. இந்த யோசனை எந்த வெளிநாட்டுக்காரனுக்கும் தோணல.

அவ மூஞ்சி சுருங்கிடுச்சு. மாமா, ஃபிளாஷ் மெமரி அப்படி எழுதறதுக்கு இல்ல, ஒவ்வொரு தடவையும் அழிச்சு அழிச்சு எழுதணும், அழிக்க அழிக்க அது தேயும், லட்சம் தடவ தாங்கும், அவ்ளோதான்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. லட்சம் தடவ தாங்குமாம், அத ஒரு குறையா சொல்ல வந்துட்டா. ரயில் சக்கரம் கூட அவ்ளோ தாங்குமா தெரியல. ஏம்மா, நான் என்ன லட்சம் தடவையா எழுதப்போறேன், நிமிஷத்துக்கு ஒரு தடவதானேன்னேன். அவ போன எடுத்து என்னமோ தட்டிப் பாத்துட்டு, ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா ரெண்டரை மாசம்தான் வரும் மாமான்னா.

இத ஞாபகம் வெச்சுக்கோங்க தம்பி. பொட்டி மாட்டறதுக்கு முன்னாடியே வாய் வெச்சுட்டா. ரெண்டு மாசம்னு. அவ சொன்ன மாதிரியே ஆச்சு. முன்னாடியே தெரிஞ்சு ஒருத்தி சொல்றான்னா என்ன அர்த்தம்? நான் யாரையும் சந்தேகப்படறவன் இல்ல. சும்மா கேக்கறேன்.

அப்புறம் ஒரு சமாதானம் கொண்டுவந்தா. அப்படியே நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுதணும்னா, ஒரே இடத்துல எழுதாம ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல எழுதறேன் மாமா, உள்ள நெறைய இடம் சும்மாதான் இருக்கு, சுத்திச் சுத்தி எழுதினா எத்தனையோ வருஷம் தாங்கும்னா. அன்னைக்கு எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு பொருளுக்கு ஒரு இடம். இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க, கிளப்பு மேசையில வெச்சுப் படிக்கும்போது எங்க இருக்குன்னு தேடிக்கினு உக்காரணுமா? புறா வந்த நேரம், பொட்டி ஓடின நேரம், எல்லாம் ஒரே இடத்துல, முத இடத்துல இருக்கணும்னேன். அது தானா தேடி எடுத்துக்கும் மாமான்னா. தேடறதுன்னு ஆச்சுன்னாலே அங்க ஒழுங்கு இல்லன்னு அர்த்தம்னு சொன்னேன். நான் சொன்னபடியே பண்ணிக் குடுத்தா. வேணும்னா ஒரு செவப்பு லைட்டு வெக்கிறேன் மாமா, எழுதினத உடனே திருப்பிப் படிச்சுப் பாக்கும், சரியா பதியலன்னா லைட்டு எரியும், எரிஞ்சா எனக்குச் சொல்லுங்கன்னா. லைட்டுதானே, வெச்சுக்கோன்னேன்.

பொங்கல் முடிஞ்சு மாட்டினோம். அந்த சீசன் எனக்கு எப்படிப்பட்ட சீசன்னு சொல்லணும். என்கிட்ட ஒரு பொட்டைப் புறா இருந்துச்சு. பேரு பட்டாணி. சோளம் போட்டா தள்ளிட்டு பச்சைப் பட்டாணியத் தேடித் தேடி எடுக்கும், அதனால அந்தப் பேரு. பாத்தா ஒண்ணும் இருக்காது. சாம்பல் கலரு, சின்ன ஒடம்பு. தயாளன் கூட ஒரு தடவ பாத்துட்டு இது என்ன மாடப்புறா மாதிரி இருக்குன்னாரு. ஆனா கண்ணு இருக்கே தம்பி. எங்க ஊரு தெரியும் அந்தக் கண்ணுக்கு. கைல எடுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்காது, நிதானமா என்னயே பாக்கும். எனக்கு அதுமேல அவ்ளோ ஆசை. என் புள்ளயக் கூட அப்படி உக்காந்து பாத்துக்கினு இருந்ததில்ல.

மார்ச் கடைசியில பல்லார்ஷா பந்தயம். ஆந்திராவத் தாண்டி வடக்க இருக்குற ஊரு, அங்கேர்ந்து இங்க எழுநூத்தம்பது கிலோமீட்டர். எங்க கிளப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து எந்தப் புறாவும் அங்க விட்ட அன்னைக்கே வீடு சேந்ததில்ல. எல்லாம் நடுவுல எங்கயாவது ராத்தங்கிட்டு மறுநாள்தான் வரும். பட்டாணி அன்னைக்கே வரும்னு எனக்கு உள்ள ஒரு கணக்கு. யாருகிட்டயும் சொல்லல. அது வந்துச்சுன்னா அவ்ளோதான், என் பேரு கிளப்புல கல்லுல வெட்டின மாதிரி. அதுக்கப்புறம் தயாளன் என் முன்னாடி உக்காந்து பேச முடியுமா?

அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அந்த செவப்பு லைட்டு எரிய ஆரம்பிச்சுது. இருட்டினா கூண்டு முழுக்க செவப்பா. புறாவெல்லாம் இருப்புக் கொள்ளாம தவிக்குது, பூனைக் கண்ணுன்னு நெனச்சுதோ என்னமோ. பந்தயப் புறாவுக்குத் தூக்கம் முக்கியம் தம்பி, இத எழுதி வெச்சுக்கோங்க, இது எந்த யூட்டியூப்புலயும் சொல்லமாட்டான். கறுப்பு இன்சுலேஷன் டேப்பு கொஞ்சம் கிழிச்சு லைட்டு மேல ஒட்டிட்டேன். அடங்கிடுச்சு. பட்டாணி நல்லாத் தூங்குச்சு. அவகிட்ட சொல்லணுமா? சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பா, பொட்டியப் பிரிச்சுப் போட்டுக்கினு உக்காருவா, பந்தயம் நெருங்கற நேரத்துல கூண்டு வாசல்ல ஒரு பொம்பள ஸ்குரு டிரைவரோட உக்காந்துக்கினு இருந்தா புறா வெளங்குமா?

பந்தய நாளு. மத்தியானத்துலேர்ந்து இந்தத் திட்டுமேலதான் உக்காந்துக்கினு இருந்தேன். வடக்குப் பக்கமே பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு. லோகேசு வேலைக்குப் போயிட்டான். இவ மட்டும் அன்னைக்கு லீவு போட்டுட்டு, டீ போட்டு எடுத்துக்கினு மேல வந்தா. அவளும் வானத்தப் பாத்துக்கினு நின்னா. புறா பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா நின்னா. சாயந்தரம் ஆச்சு, வெளிச்சம் கொறைஞ்சுக்கினே போவுது. இருட்டினா புறா பறக்காது. சரி, இன்னைக்கு இல்லன்னு நான் எழுந்துட்டேன். அப்ப அவதான், மாமா அங்கன்னு கைய நீட்டினா.

ஒரு புள்ளி. தனியா. ஒரு வட்டம் கூட அடிக்கல தம்பி, நேரா வந்து ரெக்கைய மடக்கிக்கினு கல்லு மாதிரி எறங்குச்சு. பலகையில கால வெச்சுது. திரையில வெள்ள எழுத்து வந்துச்சு. பட்டாணி, ஆறு இருபத்தொண்ணு. அழுதுட்டேன்னே வெச்சுக்கோங்க. அவளும் அழுதா, எதுக்கோ.

போன எடுத்து, மாமா ஒரு போட்டோ எடுத்துக்கறேன்னா. போட்டோ செல்லாதுன்னு ரூல் போட்டவன் வீட்டுலயே போட்டோவா? வைய்யி கீழன்னேன். வெச்சுட்டா. அப்பதான் கிட்ட வந்து பொட்டியப் பாத்தா. இந்த டேப்பு என்ன மாமான்னு உரிச்சா. உரிச்சவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. செவப்பு லைட்டு எரிஞ்சுக்கினு இருக்குது. மாமா, தயவுசெஞ்சு வயரப் புடுங்காதீங்க, உள்ள எழுதல, திரையில இருக்கறது மட்டும்தான் இருக்கு, கிளப்புக்காரங்கள இங்க கூப்பிடுங்க, அவங்க வந்து கண்ணால பாக்கட்டும்னா. சத்தமா சொன்னா. பக்கத்து மாடியில துணி எடுத்துக்கினு இருந்தவங்க திரும்பிப் பாக்கறாங்க.

என் வீட்டு மாடியில நின்னுக்கினு எனக்கே புடுங்காதே வெக்காதேன்னு ஆர்டர் போடறா. இருபது வருஷ செயலாளர் நான். கழட்டிக்கினு கிளப்புக்கு வரணும்னு ஊருக்கெல்லாம் ரூல் போட்டுட்டு, என் வீட்டுக்கு மட்டும் எல்லாரும் மாடியேறி வாங்கன்னு சொல்லுவனா? தயாளன் சிரிக்கமாட்டாரு? உன் பொட்டி எழுதலன்னா அது உன் பொட்டியோட லட்சணம்னு சொல்லிட்டு வயரப் புடுங்கினேன். திரை அணைஞ்சுபோச்சு. அவ அப்படியே தரையில உக்காந்துட்டா.

கிளப்புல மைக்கேல் அண்ணன்தான் தலைவரு. மேச மேல பொட்டிய வெச்சு வயரச் சொருவினாங்க. எல்லாரும் குனிஞ்சு பாக்கறாங்க. திரையில வருது, எரநூத்தம்பத்தஞ்சு மணி எரநூத்தம்பத்தஞ்சு நிமிஷம். யாரோ ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும். எத்திராஜு அண்ணன் புறா எரநூத்தம்பத்தஞ்சு மணிக்கு வந்துச்சாம்னு. இன்னைக்கும் அங்க எனக்கு அதான் பேரு, தெரியுமா? எரநூத்தம்பத்தஞ்சு. நான் ரூல் சொல்லிக் குடுத்து வளத்த பசங்க.

அவ என் பின்னாடியே ஆட்டோ புடிச்சு வந்துட்டா. அழிச்சு அழிச்சுத் தேஞ்சுபோன இடம், அழிஞ்சுது ஆனா புதுசா எழுத்து நிக்கல, வெறும் இடத்தப் படிச்சா அப்படித்தான் காட்டும்னா. மைக்கேல் அண்ணன் நல்ல மனுஷன், ஆனா கொஞ்சம் மந்தம். அவரு என்னக் கேட்டாரு. எத்திராஜு, செவப்பு லைட்டு முன்னாடியே எரிஞ்சுதா? எரிஞ்சுதுன்னா, தன்னால எழுத முடியலன்னு பொட்டியே சொல்லியிருக்குன்னு அர்த்தம். அது மெஷின் சொன்னது. அப்ப இந்தப் பொண்ணோட சாட்சிய எடுத்துக்கலாம், பட்டாணிதான் ஜெயிச்சுதுன்னு நான் அறிவிக்கறேன்னாரு.

எல்லாரும் என்னயே பாக்கறாங்க. தயாளனும். எரிஞ்சுதுன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? எரிஞ்சத ஏன் சொல்லலன்னு வரும். இருபது வருஷமா இவங்களுக்கு ரூல் சொன்னவன், லைட்டுக்கு டேப்பு ஒட்டினேன்னு நின்னுக்கினு இருக்கணுமா? எரியலன்னேன். பொய்யா அது? டேப்பு ஒட்டினதுக்கப்புறம் எரிஞ்சுதா இல்லையான்னு நான் எப்படிப் பாப்பேன்? நான் பாக்கல. பாக்காதத எரிஞ்சுதுன்னு சொன்னாதான் பொய்.

அவ என்னப் பாத்தா. டேப்ப உரிச்ச கையி அவளுது. பேசியிருக்கலாமில்ல? ஒரு வார்த்த பேசல. மைக்கேல் அண்ணன் ரெண்டு தடவ கேட்டாரு, நீ ஏதாவது சொல்றியாம்மான்னு. மாமா சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிட்டு வெளியில போயி நின்னுக்கிட்டா. பாத்தீங்களா? மனசுல குத்தம் இருக்கறவதான் பேசமாட்டா. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. நானும் விடல, இது குப்பை, விளையாட்டுச் சாமான், இத நம்பினது என் புத்தின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். மறுநாள் தயாளன் புறா வந்துச்சு. அவருதான் ஜெயிச்சாருன்னு எழுதிட்டாங்க.

அதுக்கப்புறம் நான் தூங்கினா எப்படி? சித்திரை பொறந்த வாரம் சீசனோட கடைசிப் பந்தயம், மறுபடியும் பல்லார்ஷா. பட்டாணியவே அனுப்பறதுன்னு முடிவு பண்ணேன். பழைய சாவிக் கடியாரத்த எண்ணெய் போட்டு எடுத்து வெச்சேன். எந்தப் பி.காம் பொட்டியும் வேணாம். வீட்டுல எல்லாரும் வேணாம்னாங்க. இவதான் அதிகமா. மாமா, வெயில் தாங்காது, அது இப்பதான் அவ்ளோ தூரம் வந்திருக்கு, நான் வேணா கிளப்புல போயி என் தப்புன்னு சொல்லிடறேன், அத அனுப்பாதீங்கன்னா. அவ தப்புன்னு அவளே ஒத்துக்கறா பாருங்க. இத நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அவ தப்புன்னு அவ வாயாலயே சொன்னா.

கூடையில வெக்கும்போது பட்டாணி என்னயே பாத்துச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்கல.

வரல தம்பி. அன்னைக்கும் வரல, மறுநாளும் வரல. எத்தன நாளு இங்கயே உக்காந்திருந்தேன்னு கேக்காதீங்க. ஆந்திராவுல பருந்து அடிச்சிருக்கும், இல்ல தண்ணி இல்லாம எங்கயாவது விழுந்திருக்கும். எதனால போச்சு? ஒரு பொட்டி ஒழுங்கா ஒரு வரி எழுதியிருந்தா நான் எதுக்கு மறுபடியும் அனுப்பப் போறேன்? ஒரு வரி. அத எழுத துப்பில்லாத மெஷினு.

ஆடி மாசம் அம்பத்தூருக்கு வீடு மாத்திக்கினு போயிட்டாங்க. அவ ஆபீசுக்குப் பக்கமாம். நல்லது, சமையல் ரூமுல ஈய வாசனை போச்சு. என் வீட்டுக்காரி வாரத்துக்கு ரெண்டு நாள் அங்கதான் இருக்கா, அது வேற கதை. நானும் செயலாளர் வேலைய தூக்கிப் போட்டுட்டேன்.

இப்ப இதக் கேளுங்க, நீங்க வந்ததுக்கு இதுதான் முக்கியம். அடுத்த சீசன் கிளப்புல எல்லாரும் அவகிட்டயே பொட்டி வாங்கினாங்க. தயாளன் உள்பட. ரெண்டு சீசனா ஓடுது, ஒண்ணு கூடப் பழுதாகல. ஏன்னு விசாரிச்சேன். அதுல புறா வந்தா மட்டும்தான் எழுதுதாம். அதுவும் ஒவ்வொரு தடவையும் புது இடத்துல எழுதுதாம். பாத்தீங்களா? தயாளனுக்குப் பண்ணும்போது இந்த அறிவெல்லாம் வருது. சொந்த மாமனாருக்குப் பண்ணும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரே இடத்துல எழுதி எழுதித் தேய வெச்சா. இப்படிப்பட்டவகிட்டதான் நீங்க வாங்கப் போறீங்க. நல்லா ஓடும். ஓடாதுன்னு நான் சொல்லல. மனசப் பாக்கணுமில்ல?

வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். கெளம்புங்க, வெயில் ஏறப்போவுது. ஆனா உங்க கிளப்புப் பசங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பல்லார்ஷாவுல விட்ட அன்னைக்கே மெட்ராஸ் வந்து சேந்த புறா எங்க கிளப்புல ஒண்ணே ஒண்ணுதான். எத்திராஜு வீட்டுப் பட்டாணி. சாயந்தரம் ஆறு பன்னெண்டு. கிளப்புல எழுதலன்னா என்ன போச்சு? எனக்குப் பொட்டி வேணாம், மெமரி வேணாம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

என்னா?

இருபத்தொண்ணுன்னா சொன்னேன்? எப்ப சொன்னேன்?

இல்ல, இல்ல. இருங்க. பன்னெண்டுதான். மசூதியில பாங்கு சத்தம் கேட்டுச்சு அன்னைக்கு. பாங்கு சொல்லும்போது அது கூண்டுக்குள்ள போயிடுச்சு, நான் கைல எடுத்து வெச்சிருந்தேன். இல்ல, பாங்கு முடிஞ்சு அப்புறம்தான் இவ கைய நீட்டினாளா? கறுப்புத் திரை, வெள்ள எழுத்து. ஆறு. அப்புறம் ஒரு ஒண்ணு இருந்துச்சு, ஒரு ரெண்டு இருந்துச்சு. கண்ணு முன்னாடி இருக்கு தம்பி, நேத்து வரைக்கும் கண்ணு முன்னாடி இருந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதானே இருக்கேன், எப்படி மறக்கும்?

ஒரு நிமிஷம் உக்காருங்க.

நீங்க நேரா அம்பத்தூர்தானே போறீங்க? அவளுக்குத் தெரியும். அவ பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா, என் கூடவே பாத்தா. கேட்டுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, நீங்களா கேக்கற மாதிரி கேளுங்க.

இல்ல, வேணாம். அன்னைக்கு நடந்ததப் பத்தி யாரு கேட்டாலும் வாயத் தொறக்கமாட்டாளாம், லோகேசு சொன்னான். மாமா கேட்டாருன்னே சொல்லுங்க. சொல்லிடுவா.